இரவல் வயது

வீடு முழுக்க வேர்த்துக்கொண்டிருந்தது. துறைமுக ஊரான ஹை போங்கில் வசந்தம் பிறந்தால் அப்படித்தான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கதவிடுக்கில் நுழைந்து சுவர், கண்ணாடி, மரப்பெட்டி என்று ஒன்றையும் விடாமல் தடவிவிட்டுப் போகும், தரையில் துடைக்கத் துடைக்க நீர் பூக்கும், கொடியில் காயப்போட்ட துணி வாரக்கணக்கில் நாற்றம் அடிக்கும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் மேல்மாடியில், முன்னோருக்கான படையல் மேடைக்கு எதிரே, புதிதாகப் பதித்த ஓடுகளில் இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

லாம் குனிந்து பார்த்தான். இரண்டு பாதங்கள். யாரோ வெறுங்காலோடு வெகுநேரம் நின்றுவிட்டு இப்போதுதான் நகர்ந்திருக்க வேண்டும். இடது சுண்டுவிரலின் தடம் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகியிருந்தது. சின்ன வயதில் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி லாமின் சுண்டுவிரலும் அப்படித்தான் கோணிப்போனது. ஆனால் அவன் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்துபோய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது, இப்போதும் காலில் செருப்பு இருந்தது.

"அண்ணி, மேல யாராவது வந்தாங்களா?" என்று படிக்கட்டு வழியாகக் குரல் கொடுத்தான்.

"யாரு வரப்போறா?" அடுப்படியிலிருந்து அண்ணி ஹானின் குரல் வந்தது. "விடியக்காலம் ஊதுபத்தி ஏத்தினதோட சரி. ஆசை ஆசையா மாடி கட்டினோம், ஏறத்தான் ஆளில்ல."

அவன் செருப்பால் அந்த இடத்தைத் தேய்த்தான். சுற்றியிருந்த ஈரம் அதன்மேல் ஏறவில்லை.

அந்த மேல்மாடியை வரைந்தவனே லாம்தான். ஊரார் வீட்டுக்கெல்லாம் வரைபடம் போட்டுக்கொடுப்பது அவன் பிழைப்பு. குடியிருப்பதோ சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில், கட்டிலைப் போட்டால் மேசைக்கு இடமிருக்காது. 'ஊருக்கெல்லாம் வீடு வரையற, எனக்கு ஒரு கூரை இல்ல' என்று சொல்லிவிட்டு அவன் மனைவி போய்விட்டாள். அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் கஞ்சி ஊட்டியதும் துணி அலசியதும் லாம். வீடு மட்டும் அண்ணன் வியெனுக்கு. முன்னோரைக் கும்பிட வேண்டியவன் மூத்தவன், ஆகவே கூரையும் மூத்தவனுக்கு. இதில் யாரைக் குறை சொல்வது? லாம் யாரையும் குறை சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு வயிறெரிந்துகொண்டிருந்தான்.

"ஓட்டைப் பிரிச்சிட்டு மேல ஒரு மாடி எடுக்கணும்டா. நீயே போட்டுக் குடு" என்று அண்ணன் வந்து நின்றபோது மறுக்கத்தான் நினைத்தான். பென்சிலை எடுத்ததும் கை தானாக ஓடியது. முன்பக்கம் ஆற்றைப் பார்த்தபடி படையல் அறை, பின்பக்கம் படுக்கையறை, நடுவில் படிக்கட்டுக்கு மேலே வெளிச்சம் இறங்கக் கண்ணாடிக் கூரை. அண்ணன் குட்டை, லாம் ஜன்னலைத் தன்னுடைய கண்ணுயரத்தில் வைத்தான். கட்டிலைத் தனக்குப் பிடித்த மூலையில் வரைந்தான். அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்டா, உனக்கே கட்டற மாதிரி போட்டிருக்க" என்று முதுகில் தட்டினான். தட்டிய இடம் அன்று முழுவதும் லாமுக்குக் காந்தியது.

நாள் பார்க்கிறவர்தான் முட்டுக்கட்டை போட்டார். இந்த வருடம் வியெனின் வயதுக்கு வீட்டில் கைவைத்தால் ஓர் உயிர் போகும் என்றார். இப்படி நேர்ந்தால் எல்லோரும் செய்வதையே இவர்களும் செய்தார்கள், வயதை இரவல் வாங்கினார்கள். லாமுக்கு அந்த வருடம் நல்ல வயது. வேலை முடியும்வரை முன்னோருக்கும் மண்ணின் தெய்வத்துக்கும் அவன்தான் வீட்டுக்காரன். முடிந்ததும் படையல் போட்டு, 'வீட்டை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்' என்று தன் வாயால் சொல்லிவிட்டால் தீர்ந்தது. முதல் ஓட்டை லாம் கழற்றும்போது வியென் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது; அவன் சந்து முனை டீக்கடையில் ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து தன் வீட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரைமேலிருந்து அதைப் பார்த்த லாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படியொரு இன்பமான காலைப்பொழுது அவன் பிறந்ததிலிருந்து வாய்த்ததில்லை.

திருப்பிக் கொடுக்கும் சடங்கு டெட் என்கிற புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தின வாரம் நடந்தது. அவித்த கோழி, சிவப்பு ஒட்டரிசிச் சோறு, பம்ப்ளிமாஸ் பழம் எல்லாம் புது மேடையில் இருந்தன. வேண்டுதலை அங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை. உதடு அசைவது பின்னால் நிற்பவர்களுக்கு, சொல் முன்னோருக்கு. லாம் ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்தினான். எதிரே ஜன்னலில் ஆறு மின்னியது, சரியாக அவன் கண்ணுயரத்தில். தரமாட்டேன், என்று அவன் உதடு சொன்னது. இது என் வீடு. மத்தவங்க வெளிய போகட்டும். மூன்று முறை தலைவணங்கிவிட்டுத் திரும்பினான். அண்ணன் கண் கலங்கி அவனைக் கட்டிக்கொண்டான்.

ஒரு வேகத்தில் முணுமுணுத்ததுதானே என்று அவன் அன்றைக்கே மறந்துவிடப் பார்த்தான். வீடு மறக்கவில்லை.

லாம் கீழே இறங்கினான். முன்னறையில் மோட்டார் சைக்கிளை ஓரம் தள்ளிவிட்டு, சுவரோடு சுவராக மூன்று பாய் விரித்திருந்தார்கள். பாய்கள் ஈரத்தில் நமுத்து வாடை வீசின.

"எல்லாரும் இங்கயா படுக்கிறீங்க?"

"பின்ன?" அண்ணன் இருமினான். ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "மேல படுத்தா யாரோ விலாவுல முட்டி முட்டித் தள்ளுறான்டா. கட்டில்லேருந்து நான் விழுந்தே போனேன். இந்த வாசக்கதவு சாவி வேற எனக்குத் திரும்ப மாட்டேங்குது. நாலு தடவை எண்ணெய் விட்டாச்சு."

"எனக்குத் திறந்துச்சே" என்றான் லாம், வாய் தவறி. வரும்போது அவன் கை வைத்ததுமே கதவு உள்ளே போயிருந்தது.

"உனக்கென்னப்பா, வீட்டுக்காரன்!" என்று அண்ணன் சிரித்தான். லாமும் சிரித்தான். உள்ளுக்குள் யாரோ பால் வார்த்தாற்போல் குளிர்ந்ததை அவனால் மறைக்க முடிந்தது, மறுக்க முடியவில்லை. போகட்டும், போய் அந்த வாடகை அறையில் இருந்து பார்க்கட்டும் என்று அவன் மனம் சொல்லிக்கொண்டது.

அப்போது மித் வந்தாள். அண்ணன் மகள்; மித் என்றால் பலாப்பழம், செல்லப் பெயர். இந்த வீட்டில் அவனைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற ஒரே ஜீவன். இன்று அவள் ஓடிவரவில்லை. கீரைத் தட்டோடு வந்த ஹானின் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு அவனைப் பார்த்தாள்.

"என்னடி கண்ணு, சித்தப்பா மேல கோவமா?"

"நீங்கதான் என்னைத் திட்டினீங்க."

"நானா? எப்ப?"

"மேல. என் கட்டில்ல உக்காந்துக்கிட்டு. 'எந்திரிச்சுப் போ, இது என் வீடு'ன்னு." அவள் சட்டைக் கையை மேலே இழுத்தாள். "இங்க பிடிச்சு இழுத்தீங்க."

மெல்லிய மணிக்கட்டைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது. ஒரு பெரிய கையின் விரல்கள்.

"கனவு கண்டிருப்பா" என்றான் அண்ணன்.

ஹான் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு லாமை நேராகப் பார்த்தாள். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்கல்ல? சரியா சொன்னீங்கல்ல?"

"என்ன அண்ணி இது! சொல்லாமலா?" லாம் மாடிப்படியைப் பார்த்தான். "வேணும்னா... இன்னொரு தடவை சொல்லிட்டு வரேன். அதுல என்ன?"

"சொல்லிட்டு வாங்க" என்றாள் அவள். "புண்ணியமாப் போகும்."

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கூரையில் கடைசி வெளிச்சம் சாம்பலாகத் தேங்கியிருந்தது. லாம் படியேறினான். அவன் வரைந்த படி, அவன் கால் அகலத்துக்கு அளவெடுத்த படி. கண்ணை மூடிக்கொண்டும் ஏறலாம். ஏற ஏற மண்ணெண்ணெயும் வேர்வையும் கலந்த வாடை வந்தது, அது எங்கேயோ பழகிய வாடையாக இருக்கிறதே என்று யோசித்தவன் கடைசிப் படியில்தான் கண்டுபிடித்தான். அவனுடைய வாடகை அறையின் வாடை.

படையல் அறையில் விளக்கு எரிந்தது. அம்மாவின் படம் வேர்த்திருந்தது. மூன்று ஊதுபத்திகளைப் பற்றவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றான். நின்ற பிறகுதான் கீழே பார்த்தான். செருப்பை எப்போது கழற்றினான் என்று நினைவில்லை. வெறுங்கால்கள் அந்தக் காய்ந்த இடத்தில் பொருந்தியிருந்தன. சுண்டுவிரல் உட்பட.

சொல்லிவிடு. குழந்தை கையைப் பார்த்தாயல்லவா, சொல்லிவிடு.

"முன்னோர்களே," என்று முணுமுணுத்தான். "இந்த வீட்டை என் அண்ணன் வியென்கிட்ட..."

கீழே கிண்ணங்கள் வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் எதற்கோ சிரித்தான், அண்ணி அதட்டினாள். குடும்பம். சுடுசோறு. சாகும்போது அம்மா தேடியது அந்தச் சிரிப்புக்காரனைத்தான். கஞ்சி ஊட்டிய கையை அவள் கடைசிவரை 'வியென்' என்றுதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லாம் தலை நிமிர்ந்தான். ஜன்னலில் ஆறு தெரிந்தது. படகு விளக்குகள், சரியாகக் கண்ணுயரத்தில். அண்ணன் எக்கி நின்றாலும் எட்டாத காட்சி.

நான் ஏன் தர வேண்டும்?

கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் அந்த நினைப்பு வந்து போய்விட்டது. "இல்ல, இல்ல, குடுத்துடறேன்" என்று அவசரமாகச் சொன்னான். வாயைத் திறந்து, உரக்கவே சொன்னான்.

பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவன் திரும்பவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினான். அவன் காலுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், ஒரு பாதம் காய்ந்தது. அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொரு அடியும் தரையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அவனைத் தாண்டிப் போயிற்று. கதவை நோக்கி. படிக்கட்டை நோக்கி. நிதானமாக, சொந்த வீட்டில் நடக்கிற நடை.

"குடுத்துட்டேன்!" என்று கத்தினான். "அண்ணன்கிட்ட குடுத்துட்டேன்!"

நடை நிற்கவில்லை.

கீழேயிருந்து சின்னக் காலடிகள் ஏறிவரும் சத்தம். சாப்பாட்டுக்கு உட்காருமுன் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். மித் மறக்கமாட்டாள்.

"அப்பா சாப்பிட வாங்க, அம்மா சாப்பிட வாங்க," என்று பாடிக்கொண்டே ஏறினாள். "சித்தப்பா, சாப்பிட வாங்க..."

மித், வராதே. சொல்ல நினைத்தான். தொண்டையில் காற்றுத்தான் வந்தது. கால்கள் காய்ந்த தடங்களை விட்டு எழவில்லை. இழுத்தான். ஓட்டோடு ஒட்டியிருந்தன.

அறைக்கு வெளியே தடங்கள் கடைசிப் படியின் விளிம்பில் நின்றன.

பாட்டு நின்றது.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே மித்தின் தலை தெரிந்தது, பிறகு முகம். அவள் லாமைப் பார்க்கவில்லை. தனக்கு நேர் எதிரே, ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மெல்ல மெல்லத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டது. சட்டைக் கை சரிந்தது. நீலம் கன்றிய இடத்தில் தோல் நசுங்கி வெளுத்தது. குதிகால் படியை விட்டு எழுந்தது. பிறகு விரல்களும்.

"சித்தப்பா, கைய விடுங்க," என்றாள் மித். "வலிக்குது."

லாமின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பியபடி இருந்தன. நடுவில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.