தண்ணீரை மூடிய வீடு

வெர்லினும் ஆர்டித்தும் வடக்கே கிளம்பிய மே மாதக் காலையில் அவர்கள் வீட்டை மூடும் பொறுப்பு வழக்கம்போல என்னுடையது. தெற்கு எல்லைக்குப் பக்கத்துச் சிற்றூரான அஹோவில் பதினெட்டு வருடங்களாக இதுதான் என் பிழைப்பு. குளிர்காலத்தை இந்தப் பாலைவனத்தில் கழித்துவிட்டு, வெயில் ஏறும் முன் டகோடாவுக்கும் மினசோட்டாவுக்கும் ஓடிவிடுகிறவர்களின் வீடுகளை அக்டோபர் வரை பூட்டிவைத்துப் பார்த்துக்கொள்வேன்.

வெர்லின் கார் ஜன்னல் வழியே கத்தினார்.

“ரோண்டா, ஃப்ரிட்ஜ் கதவு மூடிக்காம ஒரு துண்டச் சொருகி வை. போன தடவ மாதிரி உள்ள பூஞ்சக்காளான் பயிர் பண்ணிடாத.”

“மீன உள்ளயே மறந்துட்டுப் போனது யாரு, நானா?”

“இவரேதான். வாய மூடிட்டு வண்டிய எடுக்கச் சொல்லு,” என்றார் அவர் மனைவி ஆர்டித். சிரித்தபடியே என் கையைப் பிடித்தவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சலவை ரூம்ல நான் இன்னும் வெறுங்கால் வைக்கல, தெரியுமா? நீ சீக்கிரம் முடிச்சுட்டு வெளிய வந்துரு.”

எனக்கும் அந்த அறை பிடிக்காது. போன அக்டோபரில் வீட்டைத் திறந்தபோது அங்கேதான் அவளைப் பார்த்தேன். எல்லையைத் தாண்டி நடந்து வந்த பெண். சலவை அறையின் சின்ன ஜன்னலுக்கு மட்டும் ஷட்டர் கிடையாது. கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கியிருக்கிறாள். வீட்டின் எல்லாக் குழாய்களையும் முழுவதுமாகத் திருகியிருந்தாள். ஒரு சொட்டு வந்திருக்காது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் வாசல் வால்வை நான் மே மாதமே மூடியிருந்தேன். திரும்ப ஏறி வெளியே போகும் தெம்பு அவளுக்கு இல்லாமல் போயிருக்கிறது. பெயரோ காகிதமோ எதுவுமில்லாத உடலை ஷெரிஃப் போலீசார் எடுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு வெர்லின் அந்த ஜன்னலுக்கும் ஒரு இரும்பு ஷட்டர் போட்டார். “இனி ஒருத்தரும் நுழைய முடியாது,” என்றார்.

அவர்கள் கார் மறைந்ததும் வேலையைத் தொடங்கினேன். அறைக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். காற்று முற்றிலும் காய்ந்துபோனால் மேசையும் கட்டிலும் பிளந்துவிடும். கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் வற்றினால் சாக்கடைக் கரப்பான் ஏறி வரும் என்பதால் அதன் வாயில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். வாசலுக்குப் போய் வால்வை மூடினேன். மின்சாரத்தை நிறுத்தினேன். ஷட்டர்களை ஒவ்வொன்றாக உள்ளிருந்து இறக்கி வந்தேன். நண்பகல் வெளிச்சம் அறை அறையாக அணைந்தது. கடைசியாகச் சலவை அறை ஷட்டரை இறக்கினேன்.

பின்கதவு வழியாக வெளியேற வேண்டியதுதான் பாக்கி.

கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை. சாவியைத் திருப்பினேன், திரும்பியது. கதவு அசையவில்லை. வெளியே அதன் ஷட்டரும் இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதை வெளியிலிருந்துதான் இறக்க முடியும்.

காற்று இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். காற்றே இல்லாத நாள் அது.

முன்கதவும் திறக்கவில்லை. ஷட்டர்களை ஏற்றி இறக்கும் பட்டைகளை இழுத்துப் பார்த்தேன். பிய்ந்த கயிறு போல நீண்டு வந்தன, ஷட்டர் ஏறவில்லை. போன் பிக்கப் வண்டியில் கிடந்தது. தெருவில் நாலு பக்கமும் நானே பூட்டிய வீடுகள். கத்தினாலும் கேட்க ஆளில்லை.

இருட்டு இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தகரமும் தூசியும் கலந்த நெடி தொண்டையில் ஒட்டியது. ஒரு மணி நேரம் கதவை உதைத்திருப்பேன். நாக்கு மரத்துப்போனது. வாளி ஞாபகம் வந்தது. தடவித் தடவிப் படுக்கையறைக்குப் போனேன்.

வாளி காலி.

அடியில் ஈரம்கூட இல்லை. அடுத்த அறை வாளியும் காலி. கூடத்தில் இருந்ததும் அப்படியே. கழிப்பறைக் கோப்பையில் கை வைத்தேன். பிளாஸ்டிக் தாள் கிழிந்து தொங்கியது.

அப்போது சமையலறையில் குழாய் திருகும் சத்தம் கேட்டது.

மெதுவாக, முழுவதுமாக, இனித் திருக முடியாது என்கிற வரைக்கும்.

பிறகு குளியலறைக் குழாய்.

பிறகு எனக்குப் பக்கத்திலேயே இருந்த குழாய்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓடு அடுப்புக்கல் போலச் சுட்டது. என் மூச்சை நிறுத்திப் பார்த்தேன். இன்னொரு மூச்சு நிற்கவில்லை. காய்ந்த தொண்டை ஒன்று எச்சில் விழுங்கப் பார்த்து, விழுங்க எதுவுமில்லாமல் மறுபடி மறுபடி அசையும் ஒலி. என் காதுக்கு ஒரு சாண் தள்ளி.

“அகுவா.”

ஸ்பானிஷில் தண்ணீர். இந்த ஊரில் அந்தச் சொல் தெரியாதவர் யாரும் இல்லை.

ஏழு மாதங்களாக யாரிடமும் சொல்லாததை அந்த இருட்டிடம் சொன்னேன்.

“நான்தான் மூடினேன். நீ வருவேன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

தரை ஓட்டின்மேல் ஏதோ இழுபட்டுச் சலவை அறைப் பக்கம் போனது. ஜன்னல் ஷட்டரை விரல்நகங்கள் பிராண்டத் தொடங்கின. உள்ளிருந்து, வெளியே போக.

அவளுக்கு இருந்த ஒரே வழியையும் இன்று நான் அடைத்திருக்கிறேன். அது அப்போதுதான் புரிந்தது.

“என்ன விடு,” என்று முனகினேன். “வெளிய போய்த் தண்ணியத் திறந்து விடுறேன். ஓடிப் போக மாட்டேன்.”

பிராண்டல் நின்றது. பிறகு இரும்பு முனகிக்கொண்டு ஏறியது. கண்ணைக் கூச வைக்கும் ஒரு கீற்று வெளிச்சம். அது ஒரு முழம் அகலமானதும் ஜன்னலைத் தள்ளி, உடம்பைத் திணித்து, தலைகுப்புற வெளியே விழுந்தேன்.

வண்டி பத்தடியில் நின்றது. அதில் ஏறிப் போயிருக்கலாம். தவழ்ந்துபோய் வாசல் வால்வைத் திறந்தேன்.

வீட்டுக்குள் எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் கொட்டின. அந்த இரைச்சலைக் கேட்டபடி முழங்காலிட்டிருந்தேன். கால்மணி நேரம் இருக்கும். பிறகு உள்ளே குழாய்கள் மூடப்பட்டன.

ஒவ்வொன்றாக. பொறுமையாக.

மாலையில் வெர்லின் போன் செய்தார். “தண்ணிய மூடிட்டியா?”

“மூடிட்டேன்,” என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

சலவை அறை ஷட்டரை அந்த ஒரு முழத் திறப்புக்குக் கீழே நான் இறக்கவில்லை. வாரம் ஒருமுறை வெளியே சுற்றிப் பார்ப்பதோடு சரி, உள்ளே போவதில்லை. ஜூன் முதல் வாரம் பின்பக்கப் படியில் ஒரு டம்ளர் இருந்தது. ஆர்டித்தின் நீலப்பூ டம்ளர், உள்ளே அலமாரியில் நானே அடுக்கி வைத்தது. விளிம்பு வரை தண்ணீர். ஈக்கள்கூடப் பறக்காத வெயிலில் அதன்மேல் குளிர்ந்த நீர்முத்துகள் கோத்திருந்தன.

அடுத்த வாரமும் இருந்தது. அதற்கடுத்த வாரமும். எப்போதும் பாலைவனத்தைப் பார்த்த அந்தப் படியில்தான்.

ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் செய்தேன். “போன வருஷம் அந்தப் பொண்ணோட வேற யாராவது வந்தாங்களா?”

“அப்படி எதுவும் தெரியலயே, ரோண்டா. ஏன் கேக்குற?”

“சும்மாதான்.”

ஒரு காலை முழுவதும் வீட்டின் பின்னால் இருக்கும் வறண்ட ஓடையில் நடந்தேன். கள்ளிகளுக்கும் பாறைகளுக்கும் இடையே குனிந்து தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும்போது அந்த டம்ளர் வெயிலில் மினுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. வழி தவறியவர்கள் பார்க்கக்கூடிய தூரம்தான்.

நேற்றுப் போனேன். ஓடைப் பக்கமிருந்து படி வரை புதிய காலடித் தடங்கள். படியில் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

இரண்டும் காலி.