துடைக்கப்பட்ட கை

காலை ஒன்பது மணிக்கு அவள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது, அறை முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை. அங்கே யாரும் வெள்ளையடிக்கவில்லை.

பத்து மணிக்கு அந்தப் பழைய பிரிட்டிஷ் காமெடிப் படம் ஓடிடியில் வெளியாகிறது. கறுப்பு வெள்ளை. எழுபது வருஷத் தூசியையும் கீறலையும் ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைக்க வேண்டியவள் அவள். முக்கால்வாசியை சாஃப்ட்வேரின் தலையில் கட்டியிருந்தாள்.

ஒன்பது நாற்பதுக்குப் படக் காப்பகத்திலிருந்து மெயில் வந்தது.

'வெள்ளையடிப்பவன் ஏணியிலிருந்து விழும் காட்சி நடிப்பல்ல. ஏணியைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். கேமரா நிற்கவில்லை. அங்கேயே செத்தான். அந்தக் கைதான் ஒரே சாட்சி.'

பதறிப்போய்க் காட்சியை ஓட்டினாள். ஏணி சாய்ந்தது. விழுந்தான்.

கை இல்லை.

வேகமாக அசைந்த கையைத் தூசி என்று நினைத்து சாஃப்ட்வேர் துடைத்திருந்தது. அவளும் பார்க்காமலே ஓகே அழுத்தியிருந்தாள்.

மேனேஜரிடம் ஓடினாள். "சார், பழைய ஃப்ரேமைத் திரும்பப் போடணும். பத்தே நிமிஷம்!"

"ஏம்மா, செத்தவன் வந்து கேஸ் போடப்போறானா? கை இல்லாம விழுறதுதான் செம காமெடி. போய் டீயைக் குடி."

சிரித்தபடியே மாடிப்படி இறங்கினார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

தடதடவென்று ஒரு சத்தம். கீழே நின்ற வாட்ச்மேன் அலறினார். "மூச்சு இல்லம்மா! கைப்பிடி பக்கத்துலயே இருக்கு, பிடிக்கவே இல்ல. ரெண்டு கையையும் யாரோ கட்டிப்போட்ட மாதிரி அப்படியே குப்புற..."

அவள் அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். ஒன்பது ஐம்பது. பதினெட்டுப் பழைய ஃப்ரேம்களையும் தேடியெடுத்துக் கோத்தாள். இனி ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி.

முதுகுக்குப் பின்னால் ஏணிப்படி ஒன்று கிறீச்சிட்டது.

அடுத்த படி.

அந்த அறையில் ஏணியே கிடையாது.

"போட்டுடறேன்... சத்தியமா போட்டுடறேன்," என்று கிசுகிசுத்தாள்.

வலது கை மேஜையைவிட்டு எழவில்லை. மரக்கட்டையாய்க் கிடந்தது. இடது கையும்.

மணி பத்து.

பக்கத்து அறையில் யாரோ நேரே அந்தக் காட்சிக்குத் தாவினார்கள். "ஐயோ, விழுறான் பாருடி!" சிரிப்பு வெடித்தது.

அவள் திரையிலும் படம் தானாக ஓடியது. ஏணி சாய்ந்தது. இந்த முறை அவன் கையைத் தூக்கினான். மெதுவாக, அவளைப் பார்த்து ஆட்டினான்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஐந்து நகங்கள் மட்டும் சிவப்பு. நேற்று அவள் பூசிய அதே சிவப்பு.