முடிவு வருவதற்கு முன்னே

அந்தக் கண்களை அவன் முதன்முதலில் பார்த்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது என்று எழுதத்தான் ஆசை... என்ன செய்ய, கொட்டவில்லை. ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கேன் எடுக்கும் எக்கோ அறையின் ஏசிதான் அவன் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்தானே? இதையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?" என்றாள், அங்கே எக்கோ எடுப்பவள்.

"மேல கீழ போறது மட்டும்தாங்க என் பொறுப்பு. சொட்டுறதுக்கு வேற ஆளு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனுடைய தங்கைகள் இருவருக்கும் எக்கோ எடுத்தாள். அவர்களுடைய பெரியண்ணன் விளையாடும்போதே சுருண்டு விழுந்திருந்தான். இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அண்ணன் செலவைக் காப்பீடு ஏற்றது. நன்றாக நடமாடுகிறவர்களுக்கு? கைக்காசுதான்.

தங்கைகளுக்கு ஒன்றுமில்லை.

"அடுத்து நீங்க வாங்க."

"எனக்கு இதயமே கிடையாதுங்க. இதுங்களைக் கேளுங்க."

"ரெண்டு பேருக்குத்தான் காசு இருந்துச்சு," சின்னவள் போட்டுக்கொடுத்தாள். "முறைக்காதேண்ணே!"

எக்கோ எடுப்பவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கட்டிடறேன்... அப்புறமா குடுங்க."

"வேணாங்க." அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. தங்கைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

திமிர்! எனக்கென்ன... என்றுதான் நினைத்தாள். ஆனால் லிஃப்ட் பழுதாகி நின்ற ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தாள். மாடியேறி வந்தவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று... வெறும் மருத்துவ அக்கறைதான். நம்பினால் நம்புங்கள்.

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தோடு ஒருநாள் வந்தான். கட்டினான். கட்டியவன் உள்ளே வராமல் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன, காசைக் கட்டிட்டு வேடிக்கையா?"

"பயமா இருக்குங்க..." தலை நிமிரவில்லை. "ஒருத்தங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். எனக்கும் இருக்குன்னு வந்துட்டா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் முந்திக்கிறேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. தடிச்சிருந்தாலும் சரி, தடிக்காட்டியும் சரி... மெஷினைக் கேட்டுட்டு மாத்திக்க மாட்டேன்."

வாயாடி இப்போதுதான் தலை நிமிர்ந்தான். "அந்த ஒருத்தங்க நீங்கதாங்க..." என்றான். "இப்பப் பார்த்தா துடிப்பு கூடுதலா காட்டாதா?"

"அதை நான் கழிச்சுக்கிறேன்." கதவைத் திறந்தாள். "சட்டையைக் கழட்டிட்டு இடது பக்கமாப் படுங்க. ஜெல் ஜில்லுன்னு இருக்கும்... வேணும்னா என் கையைப் பிடிச்சுக்குங்க."