ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தீக்காக்கை

நாற்பத்தோரு நாளாகத் தனக்குப் பதில் சொன்ன தீக்காக்கையைத் தேடித்தான் ஓடையைக் கடந்ததாகக் கீச்சு சொல்வாள். நம்புவோம். அங்கே நின்றதென்னவோ, நனைந்த மீசையோடு ஓர் ஆண்பிள்ளை!

கீச்சு என்பது வன அலுவலகம் வைத்த பட்டப்பெயர். பறவை எண்ணுவது அவள் பிழைப்பு. சின்ன ஒலிபெருக்கியில் பதிவுசெய்த தீக்காக்கைக் கூவலைப் போடுவாள். எதிர்க்குரல் வந்தால் ‘ஓர் ஆண்’ என்று எழுதுவாள். சிவந்த வயிறும், பட்டமரப் பொந்தில் குடித்தனமுமாக, இருண்ட காட்டைவிட்டு வெளியே வராத பறவை அது. வெட்டக் குறித்த சரிவுகள் இரண்டு: ஓடை ஓடும் இது, மலைக்கு மறுபக்கம் இன்னொன்று. பறவை உள்ள சரிவு தப்பும், மற்றது ரம்பத்துக்கு.

அவன் மரக் குத்தகைக்காரரிடம் மரம் அளப்பவன். முதலாளி சார்பில், பறவை உண்டா என்று சோதிக்க வந்தவன். அவன் கையிலும் அதே ஒலிபெருக்கி!

“நீங்களா அது?”

“எதுங்க?”

“என் நோட்டுல இருக்கிற ஆண் பறவை!”

“அப்ப என் நோட்டுல இருக்கிறது நீங்களா? உங்களையும் ஆண்னுதாங்க எழுதி வச்சிருக்கேன்…”

சிரித்துவிட்டாள். மழை கழுவிய அந்தப் பெரிய கண்கள்… பாவம், அவன் கையிலிருந்து அளவு நாடா நழுவியது.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியென்றால்… இந்தச் சரிவில் பறவையே இல்லை.

“நான் உங்களைப் பாக்கவே இல்ல. இருக்குன்னே எழுதிடுங்க. மரமாவது தப்பட்டும்.”

“பொய் எழுதச் சொல்றீங்களா? ஆளைப் பாரு!”

“நான் ஒரு மாசமா எழுதறேனே… கொட்டுற மழையில எந்தப் பறவையும் பதில் சொல்லாது. ஒரு நாள் நீங்க சொன்னீங்க. அது ஆள்தான்னு அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“இல்லைன்னு எழுதினா மறுநாள் எனக்கு இங்க வேலை இல்லையே… அந்தப் பக்கம் யாருன்னே தெரியாம போயிடும்.”

கோபம் வரவேண்டிய நேரத்தில் கன்னம் சிவக்கிறதே, கஷ்டகாலம்! நோட்டைத் திறந்தாள். நாற்பத்தோரு வரியையும் அடித்தாள். ‘பறவை இல்லை.’

“வெட்டிடுவாங்கங்க!”

“தெரியும். இங்க இருக்குன்னு சொன்னா அந்தச் சரிவை வெட்டுவாங்க. அங்க ஒண்ணே ஒண்ணு உசுரோட இருந்தா?”

“உங்க வேலை?”

“இத்தனை நாள் தப்பா எழுதினதுக்குப் போயிடும். உங்களுதும்தான். கையெழுத்துப் போடுங்க.”

போட்டான். சுற்றிலும் பெருமரங்கள், விஷயம் தெரியாமல் நனைந்துகொண்டிருந்தன.

“அது ஆள்னு எனக்கும் அன்னிக்கே தெரியும்,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “மழையில பதில் வந்துச்சே… நானும் பறவை எண்ணுறவதானே.”

“அப்ப ஏன் அன்னிக்கே வரல?”

“வந்து பாத்து, கிழவரா இருந்துட்டீங்கன்னா?”

“இன்னிக்கு மட்டும்?”

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

“நாளைக்கு அறிக்கை குடுக்கணும். அதுக்கப்புறம் யாரும் பதில் சொல்ல மாட்டாங்களேன்னு… தாங்கலைங்க.”