அந்தப் பாட்டுக்கு அவன் சொன்ன அர்த்தம்

"யாருங்க ஆவியை நிறுத்தினது?"

சலவைக்கூடத்து பாய்லருக்குப் பின்னால் குனிந்திருந்த மெக்கானிக் நிமிர்ந்தான். எதிரே அவள்... கையில் ஆறிப்போன இஸ்திரிப் பெட்டி, நெற்றியில் வியர்வை, கண்ணில் நெருப்பு.

"நான்தான். வால்வு கசியுது."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா? ஆஸ்பத்திரிக்குப் போற விரிப்பு பாதியில கிடக்கு."

"பத்து நிமிஷம்."

"எட்டு."

எட்டே நிமிடத்தில் வால்வை மட்டும் முடித்து ஆவியைத் திறந்துவிட்டான். ஏன் அப்படிப் பறந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை...

வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே அவளும் அவள் அண்ணியும் ஆளுக்கொரு முனையாக விரிப்பு மடித்தார்கள். ஓர் உதறு, இரண்டு மடிப்பு, ஒரு தட்டு. சுருக்கம் போன இடம் தெரியவில்லை. வேலை தெரிந்த கையைக் கண்டால் அவன் கண் அங்கேயே நின்றுவிடும். அந்த மணிக்கட்டில் ஒரு பழைய தீத்தழும்பு... மடிக்கிற வேகத்துக்கு அவள் ஏதோ ஸ்பானிஷ் பாட்டை முணுமுணுத்தாள்.

"அர்த்தம் தெரிஞ்சுதான் பாடுறீங்களா?"

"தெரியாது. சாருக்குத் தெரியுமோ?"

"கப்பல்ல நாலு வருஷம் இருந்தேன். கூட இருந்தவங்க பூரா ஸ்பானிஷ்தான்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். அவள் கண்கள் விரிந்தன... மழை நனைத்த ஜன்னல் மாதிரி பளபளவென்று.

"அப்போ சொல்லுங்களேன்."

"அது வந்து... 'தழும்பை மறைக்காதே. நீ பட்ட பாடு அதுல இருக்கு. இந்தக் கையைத்தான் நான் இத்தனை நாளா தேடினேன்'..."

அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க அதே பாட்டு... மெல்ல, சிரிப்போடு.

மறுநாள் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாய்லரின் மீதி வேலையை முடித்துப் பையைக் கட்டிக்கொண்டு, அவளும் அண்ணியும் விரிப்பு பிடித்து நின்ற மேசைக்கு அவன் வந்தான்.

"என்னங்க, பாட்டையே காணோம்?"

"அண்ணி போன்ல அர்த்தம் பார்த்தாங்க. கடற்கரையாம், ஆட்டமாம், போகாதே போகாதேன்னு ஒரே கெஞ்சலாம். கையும் இல்ல, தழும்பும் இல்ல." அவள் குரல் கம்மியது. "இந்தக் கையைப் பார்த்துட்டு ஒருத்தர் ஏற்கனவே வேண்டாம்னு போயிட்டார். நீங்க பண்ணது கேலியா, பரிதாபமா? அதை மட்டும் சொல்லிட்டுக் கிளம்புங்க."

இப்போது கிளம்பினால், இந்த வாசலை மறுபடி மிதிக்க அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது.

"ரெண்டும் இல்லீங்க. எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் முப்பது வார்த்தை. வால்வு, எண்ணெய், சூடு, தள்ளி நில்லு... இஞ்சின் ரூம்ல அதுக்கு மேல தேவைப்படல. மிச்சமெல்லாம் நான் சொன்னது. நேரா சொல்லத் தைரியம் இல்லாம பாட்டு தலையில கட்டிட்டேன்."

"எல்லாம் பொய்யா?"

"பாட்டைப் பத்தி சொன்னதுதான் பொய்."

விரிப்பின் மறுமுனையில் அண்ணி பெருமூச்சு விட்டாள். "பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கை மரத்துப் போச்சும்மா. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"சரி... பாட்டு இல்லாம சொல்லுங்க."

அவன் எண்ணெய்க் கையை பேன்ட்டில் துடைத்தான்.

"உங்களை... எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் பிடித்திருந்த முனை நழுவித் தரையில் விழுந்தது. துவைத்த துணி... அதைக்கூட அவள் குனிந்து பார்க்கவில்லை.

"எனக்கும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுல இருப்பார். பயப்படாம வாங்க... நான் பக்கத்துல நிக்கிறேன்."