வாத்தின் இடது கை

காலை ஐந்தேகாலுக்கு அலாரம் அடிக்கும். அப்பா எழுந்து பால் காய்ச்சுவார். வாத்து பல் தேய்ப்பாள். பிறகு பை. நீச்சல் உடை, கண்ணாடி, தொப்பி, இரண்டு துண்டுகள்.

நீலத் துண்டு அவளுக்கு. மஞ்சள் துண்டு அம்மாவுடையது. குளத்தங்கரைப் பெஞ்சு எப்போதும் ஈரமாக இருக்கும். அம்மா அந்தத் துண்டை விரித்துத்தான் உட்காருவாள்.

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பா இன்னும் இரண்டு துண்டுகளையும் பையில் வைக்கிறார். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஐந்து நாற்பதுக்கு நீச்சல் குளம். அப்பா வாசலில் வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். உள்ளே வருவதில்லை.

வாத்து என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. நீந்தும்போது தலையைத் தூக்குகிறாள் என்று தோழி வைத்த பெயர். அந்தத் தோழிக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ரேடியோ. தண்ணீருக்கு அடியில் போனால்தான் அவள் வாயை மூடுவாள். அப்போதும் குமிழி வரும்.

“மறுபடியும் இருபத்தேழு,” என்றார் கோச். வாத்து அக்கரைக்குப் போய்ச் சேர எத்தனை முறை கை வீசினாள் என்று கரையோடு நடந்து எண்ணியிருந்தார். “உன் இடது கை தண்ணிய இழுக்கவே இல்ல. மேஜைல கைய ஊனுற மாதிரி கீழ அமுக்குது. பின்னால தள்ளினாத்தானே நீ முன்னால போவ?”

“சரி கோச்.”

“நாளைக்கு ரிலே டீமுக்கு நாலாவது ஆளை எடுக்கணும். இருபத்திரண்டுக்குள்ள முடிச்சா நீ. இல்லன்னா வேற ஆளு.”

மற்ற மூவரில் ரேடியோவும் ஒருத்தி. ஐந்து வயதிலிருந்து நால்வரும் ஒன்றாகவே நீந்துகிறார்கள். மூன்று பேர் போட்டிக்குப் போக, தான் மட்டும் துண்டோடு கரையில் நிற்பதை வாத்தால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

ஒரு மாதமாக இதே பாடுதான். முழங்கையை உயர்த்து. உள்ளங்கையைப் பின்னால் திருப்பு. கண்ணாடி முன் நின்று பழகியதில் பிரஷ் வைக்கும் கோப்பை இரண்டு முறை விழுந்தது. காற்றில் கை சரியாக வந்தது. தண்ணீரில் வரவில்லை.

அவள் இக்கரைக்கு நீந்தித் திரும்பினாள்.

“இருபத்தொண்ணு,” என்றாள் ரேடியோ.

“தப்பா எண்ணிட்ட.”

“சத்தியமா இல்ல. எண்ணும்போது நான் பேசக்கூட இல்ல.”

அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. வாத்து மறுபடி போய் வந்தாள். போகும்போது இருபத்தேழு. வரும்போது இருபத்தொன்று.

அதே கை. அதே தண்ணீர். போகும்போது மட்டும் கைக்கு என்ன ஆகிறது?

கால்களைத் தண்ணீரில் விட்டுக் கரையில் உட்கார்ந்து யோசித்தாள். அவள் எப்போதும் வலப்பக்கம் திரும்பித்தான் மூச்சு எடுப்பாள். வரும்போது வலப்பக்கத்தில் வெறும் சுவர். போகும்போது வலப்பக்கத்தில் பெஞ்சு.

அம்மாவின் பெஞ்சு. எத்தனை சுற்று முடிந்தது என்று அம்மா அங்கிருந்து விரல் காட்டுவாள். கரைக்கு மேலே எட்டிப் பார்த்தால்தான் அந்த விரல் தெரியும். தலையைத் தூக்கினால் அதற்கு ஊன்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

இடது கைமேல் தப்பே இல்லை. அது பாவம், தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நீந்திப் பார்த்தாள். இருபத்தெட்டு வந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள்.

“அப்பா, நாளைக்கு உள்ள வர்றீங்களா?”

“எனக்கு அந்தக் குளோரின் வாசனை ஒத்துக்காதும்மா.”

“பெட்ரோல் வாசனை மட்டும் ஒத்துக்குதா?”

அப்பா செய்தித்தாளை மடித்தார். அது நேற்றைய தாள்.

“அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். அம்மா பெஞ்சுல உக்காந்தா போதும். மூச்சு எடுக்கும்போதெல்லாம் நான் அங்க பார்க்கறேன்ப்பா. யாரும் இல்ல. அதனால திரும்பத் திரும்பப் பார்க்கறேன்.”

அப்பா சாவியை வண்டியில் செருகினார், திருப்பவில்லை.

“நான் இருந்தா பார்க்க மாட்டியா?”

“இருக்கீங்கன்னு தெரிஞ்சா எதுக்குப் பார்க்கணும்?”

மறுநாள் அப்பா உள்ளே வந்தார். பையை மார்போடு அணைத்தபடி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை.

மேடையில் ஏறி நின்ற வாத்து அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அப்பா குனிந்து பையைத் திறந்தார். விசில் ஒலித்தது.

அவள் குதித்தாள். மூச்சு எடுக்கும்போது நீச்சல் கண்ணாடியின் ஒரு பாதியில் தண்ணீர் தெரிந்தது, மறு பாதியில் கூரை. பெஞ்சு தெரியவில்லை. இடது கை முன்னால் நீண்டது. முழங்கை உயரவே நின்றது. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை தண்ணீர் கனமாக வந்து மோதியது. அந்தக் கனத்தை அப்படியே இடுப்புவரை தள்ளினாள். உடம்பு வழுக்கிக்கொண்டு முன்னால் போனது.

சுவரைத் தொட்டாள்.

“இருபது,” என்றார் கோச். “இவ்வளவு நாளா இந்தக் கைய எங்க வச்சிருந்த?”

குதிக்கும் முன் அவள் அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று எல்லோரும் ரேடியோவிடம் கேட்டார்கள். “‘உங்களுக்காக ஜெயிக்கப் போறேன்ப்பா’ன்னு சொன்னா. என் காதால கேட்டேன்,” என்றாள் ரேடியோ. சாயங்காலத்துக்குள் செய்தி பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிட்டது.

உண்மையில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

“பெஞ்சு ஈரமா இருக்கும்ப்பா. மஞ்சத் துண்டு பையிலதான் இருக்கு, விரிச்சு உக்காருங்க.”