மாவுப் பசை

அவர் விரலை நாக்கில் வைக்கவே இல்லை. ஆனாலும் காகிதத்தின் ஓரம் ஈரமாக இருந்தது.

ஆவணக் காப்பகத்தில் பக்கம் எண்ணும் அவருக்கு ‘ஸ்டாம்பு’ என்று பட்டப்பெயர். எச்சில் தொடாமல் அவருக்கு எதுவும் புரளாது. வெள்ளைக்காரர் ஆட்சியில் சேர்ந்த காகிதம் மொத்தமும் அவர் நாக்கு வழியாகத்தான் இந்த நூற்றாண்டுக்கே வந்து சேர்ந்தது. துரைமார் வியர்வை, கரப்பான் புழுக்கை, பூஞ்சை எல்லாம் ருசித்தவர். எந்தத் துரை மூக்குப்பொடி போட்டார் என்று நாக்கிலேயே சொல்லிவிடுவார்.

காப்பக மேலாளர் அம்மாவுக்கு அது குமட்டியது. “இன்னொரு பக்கத்துல உங்க எச்சிலப் பார்த்தேன்னா, வேலை நிரந்தர உத்தரவுல கையெழுத்தே போட மாட்டேன்” என்று சொல்லி, விரலுக்கு ரப்பர் உறை வாங்கித் தந்திருந்தார். அந்த உத்தரவுக்காக ஸ்டாம்பு எத்தனையோ வருடம் காத்திருந்தார், தலைமுடிதான் காத்திருக்கவில்லை.

அதனால்தான் அவசரமாக வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். உறை மாட்டிய விரலால் அடுத்த பக்கத்தைத் தூக்கினார். அதுவும் நனைந்திருந்தது. வெதுவெதுப்பாக.

“மாப்ள, கொஞ்சம் இங்க வா.”

அவர் தங்கையைக் கட்டிய பைண்டர் பசைக் கிண்ணத்தோடு வந்தார். “என்ன மச்சான், வந்ததும் வராததுமா குளிப்பாட்டிட்டியா?”

“நான் நாக்குல வைக்கவே இல்ல. உன் பொண்டாட்டி மேல சத்தியம்.”

“அவ மேலயா? அப்ப சந்தேகம்தான்.” பைண்டர் காகிதக் கட்டைப் புரட்டினார். சிரிப்பு நின்றது. “முதுகுல ஒட்டியிருந்த பழைய பசை எங்க? நக்கி எடுத்தாப்ல இருக்கு. பூச்சிதான். பஞ்சத்துல சோறு கேட்டுப் போட்ட மனுவுங்க இது மச்சான். அதப் போய் மாவுப் பசை தடவி ஒட்டியிருக்கானுங்க பாரு.”

ஒவ்வொரு மனுவின் அடியிலும் ஒரே துரையின் கையெழுத்தில், ‘தள்ளுபடி’.

பைண்டர் போனதும் மழை வலுத்தது. மூடிய ஜன்னல்களுக்குள் பழைய காகிதத்தின் புளித்த வாடை தடித்து, அதற்கும் அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது: நாள்கணக்கில் ஒன்றும் உண்ணாத வாயின் நாற்றம், வெந்நீர் ஆவியைப் போல ஈரமாக, மூக்குத் துவாரத்தைத் தடவித் தடவி உள்ளே இறங்கியது. ஸ்டாம்பு கைக்குட்டையால் ஓரங்களைத் துடைத்தார். கொழகொழவென்று நூல் இழுத்தது. துடைக்கத் துடைக்க ஊறியது.

செருப்புச் சத்தம். மேலாளர் அம்மா.

“இது என்ன?”

“நான் இல்லீங்க மேடம்.”

“பின்ன, செத்துப்போன துரை எழுந்து வந்து நக்கினாரா?”

பதற்றத்தில் ஸ்டாம்பு கைக்குட்டையால் தன் வாயை இறுக்கிக் கட்டினார். துடைத்த அதே கைக்குட்டை. உதட்டில் பட்டதும் தெரிந்தது. புளித்த மாவு ருசி. ஆனாலும் அவிழ்க்கவில்லை.

“இப்பப் பாருங்க மேடம்,” என்று துணிக்குள்ளிருந்து முனகி, அடுத்த மனுவின் கீழே விரலை நுழைத்தார்.

ஏதோ அதைப் பற்றியது. மென்மையாக. வழவழவென்று. உறை கழன்று உள்ளே போனது.

சப்.

இழுத்தார். வரவில்லை.

சப். சப்.

கால் ஊன்றிப் பிடுங்கினார். நகம் இல்லை. ரேகை இல்லை. ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லை. கழுவித் துடைத்தாற்போல் சுத்தமாக.

மேலாளர் அம்மா அந்த விரலைப் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டாம்பு திரும்பினார்.

தரையிலிருந்து கூரைவரை மனுக் கட்டுகள். ஒவ்வொன்றையும் சிவப்பு நாடாவால் அவரே இறுக்கிக் கட்டியிருந்தார். முடிச்சுகள் அவிழ்ந்துவிட்டிருந்தன. கட்டுக்கு ஒன்றாகச் சிவப்பாகத் தொங்கின. ஈரமாக. நுனி சொட்டச் சொட்ட.

பிறகு, காற்றே இல்லாத அந்த அறையில், எல்லா நுனிகளும் மெல்ல அவர் பக்கம் வளைந்தன.